என் மகனுக்கு இருந்தது சத்துக்குறைவு இல்லை

நாங்கள் இருளர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற சரிவில், தார் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் பதி, அதாவது எங்கள் சனம் குடியிருக்கிற ஊர், இருக்கிறது. காபித் தோட்டக் கூலியும் மிளகுக் காலத்தில் மிளகு பறிப்பும்தான் பிழைப்பு. என் மகனுக்கு இப்போது 11 வயது, ஆறாவது படிக்கிறான். அவனுக்குச் சிக்கிள் செல் என்கிற பிறவி ரத்த நோய் இருக்கிறது. அரிவாள் செல் ரத்தசோகை என்று தமிழில் எழுதுகிறார்கள். முதல் வீக்கம் வந்த நாளிலிருந்து இந்தப் பெயரை ஒருவர் என்னிடம் சொல்லும் வரை நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆயிற்று. அந்த நான்கு வருடத்தில் நடந்ததை எழுதுகிறேன். எங்களைப் போல மலையில் இருக்கிற ஒரு அம்மா இதைப் படித்தால், அல்லது படிக்கத் தெரிந்த அவள் பிள்ளை வாசித்துச் சொன்னால், அவளுக்காவது அத்தனை காலம் ஆகாமல் இருக்கட்டும்.

2015 மே மாதம். பையனுக்கு ஒன்பது மாதம். ஒருநாள் காலையில் இரண்டு கையும் இரண்டு காலும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. தொட்டால் வீறிட்டு அழுதான். மாமியார் பூச்சிக்கடி என்றார், நான் குளிர் என்று நினைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். நாலு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். கைக்குழந்தைக்கு இரண்டு கையும் காலும் ஒரே நேரத்தில் வீங்குவது இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று என்று பின்னால்தான் தெரிந்தது. உங்கள் பதியில் எந்தக் குழந்தைக்காவது அப்படி வந்தால், வடிந்துவிட்டதே என்று விடாதீர்கள். வீங்கியிருக்கும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போவதற்குள் வடிந்துபோய், "எங்கேம்மா வீக்கம்?" என்று கேட்ட இடங்கள் உண்டு.

அதற்கப்புறம் மாதம் ஒரு காய்ச்சல், இரண்டு மாதத்துக்கு ஒரு வலி. மூன்று வயதில் கண் மஞ்சளானது. மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு வைத்தியரிடம் பத்தியத்தில் வைத்தோம். நாற்பது நாள் உப்பில்லை, எண்ணெயில்லை. பிள்ளை கருவாடாக இளைத்துப்போனான். கண் தெளியவும் இல்லை. அப்புறம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. "ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போடுறீங்களா இல்லையா? கீரை, முட்டை ஒண்ணும் குடுக்கிறதில்லையா? உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான்." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத கீரையா? நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இரும்புச்சத்து டானிக்கை வாங்கிக்கொண்டு வந்து ஒரு வருடம் விடாமல் ஊற்றினேன். ரத்தம் ஏழிலிருந்து ஏறவே இல்லை.

இதில் எனக்குக் கோபம் எதற்கென்றால், டானிக் கொடுத்ததற்கு இல்லை. மூன்று மாதம் கொடுத்தும் ஏறாதபோது, ஏன் ஏறவில்லை என்று யாரும் யோசிக்காததற்கு. மலைப் பிள்ளை, மெலிந்திருக்கிறது, அப்படியானால் சத்துக்குறைவு என்று முடிவு முதலிலேயே ஆகிவிட்டது. அதனால் நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது இது. டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை, கூடவே கண் மஞ்சள், கூடவே எலும்பு வலி என்றால், டாக்டரிடம் உங்கள் சமூகத்தின் பெயரைச் சொல்லுங்கள். "நாங்க இருளர், சிக்கிள் செல் டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்று கேளுங்கள். பணியர், குறும்பர் யாராக இருந்தாலும் அப்படியே கேளுங்கள். ஜாதியைச் சொல்லி வைத்தியம் கேட்பதா என்று கூச்சம் வரும். எனக்கும் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் அதைச் சொல்லாமல் விட்டதால்தான் என் பிள்ளைக்கு நாள் போயிற்று.

2018 நவம்பரில் ஒரு மழை ராத்திரி. வீட்டுக்காரர் கர்நாடகத்தில் இஞ்சித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். பத்து மணிக்குத் தொடையும் இடுப்பும் வலிக்கிறது என்று ஆரம்பித்த பையன், பன்னிரண்டு மணிக்கு அலறிக்கொண்டிருந்தான். உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும்தான் வரும். யானை நடமாட்டம் என்று எல்லோரும் இருட்டில் இறங்கத் தயங்கினார்கள். விடியும் வரை அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் கம்பளியில் கட்டி, நானும் கொழுந்தனும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். 1,800 ரூபாய்க்கு ஜீப் பிடித்து இறங்கினோம். பயத்தில் நேராகக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டேன். ஏழு நாள் இருந்தோம். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பில் 46,000. என் கம்மலை அடகு வைத்தது பத்தாமல், 30,000 ரூபாய் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கினேன். அசலைச் சேர்த்துக் கொடுக்க இருபது மாதம் ஆயிற்று. அதற்குள் வட்டியே இன்னொரு முப்பதாயிரம் கட்டியிருந்தேன்.

அந்த ஏழு நாளில் ஒரு நல்லது நடந்திருக்க வேண்டியது. அங்கே ஒரு இளம் டாக்டருக்குச் சந்தேகம் வந்து, ரத்தம் ஏற்றிய இரண்டு நாள் கழித்து, ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற எச்.பி.எல்.சி. என்கிற டெஸ்டுக்கு எழுதினார். முடிவில் 'கேரியர்' என்று வந்தது. "இவன் நோயைச் சுமக்கிறவன்தான், நோயாளி இல்லை, பயப்படாதீங்க" என்றார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். உடம்பில் அப்போது ஓடியது பாதி அவன் ரத்தம், பாதி யாரோ கொடுத்த ரத்தம். இரண்டும் கலந்தால் முடிவு அப்படித்தான் தெரியும். தயவுசெய்து இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் டெஸ்டுக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள் என்றால் மூன்று மாதமாவது கழித்து எடுக்கச் சொல்லுங்கள், அதுவரை அப்பா அம்மா ரத்தத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பல முகாம்களில் முதலில் செய்கிற சின்ன டெஸ்ட் வேறு. அது உடம்பில் சிக்கிள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் காட்டும். கேரியரா, நோயா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் என்கிற டெஸ்ட் வேண்டும்.

நோய் இல்லை என்று எழுதிய அந்தக் காகிதம் எங்களை எட்டு மாதம் கெடுத்தது. எங்கே போனாலும் அதைக் காட்டினேன். கேரியருக்கு வலி வராதே என்று எல்லோரும் சொன்னார்கள். பையன் நடிக்கிறான், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். 2019 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள், கால் வலிக்கிறது, போகமாட்டேன் என்று உட்கார்ந்தான். அடித்துவிட்டேன். அழாமல் என்னைப் பார்த்துக்கொண்டே நொண்டி நொண்டி நடந்து போனான். இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. எழுதாமல் விடவும் மனசு வரவில்லை, ஏனென்றால் இந்த நோய் உள்ள பிள்ளைகளை அடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வெளியே ஒரு வீக்கமும் தெரியாது, உள்ளே எலும்புக்கு ரத்தம் போகாமல் துடிக்கும். பிள்ளை வலி என்றால் வலிதான்.

விடை வந்தது வேறு வழியில். அந்த ஜூலையில் நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பழங்குடியினருக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போனேன். அங்கே இருந்த சிஸ்டரும் எங்கள் இனத்துப் பெண். எங்கள் பேச்சிலேயே பேசினாள். கர்ப்பிணி என்றால் சிக்கிள் பார்ப்பது அங்கே வழக்கம். எனக்குக் கேரியர் என்று வந்தது. "அக்கா, அண்ணனையும் கூட்டிட்டு வா" என்றாள். அவரும் கேரியர். "மூத்த பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். நான் பையிலிருந்த அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள், அப்புறம், "ரத்தம் ஏத்தினது என்னைக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நாலு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மறுபடி எடுத்த டெஸ்டில் நோய் என்று உறுதியானது. எங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. வெளியே எடுத்திருந்தாலும் அன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகியிருக்கும்.

அவள்தான் உட்கார வைத்துப் படம் வரைந்து சொன்னாள். சிவப்பணு வட்டமாக, நெகிழ்வாக இருந்தால்தான் நுண்ணிய குழாய்களில் நுழைந்து போகும். இந்த நோயில் ஆக்சிஜன் குறைந்ததும் அது அரிவாள் மாதிரி வளைந்து விறைத்து அடைத்துக்கொள்ளும். அடைக்கிற இடத்தில் வலி. நல்ல சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும், இது பத்து இருபது நாளில் உடைந்துவிடும். அதனால்தான் ரத்தம் ஏழைத் தாண்டவில்லை, அதனால்தான் கண் மஞ்சள். இரும்புச்சத்து குறைவாக இருக்கிறது என்று பார்த்து உறுதி செய்யாமல் டானிக் கொடுப்பதில் பயனில்லை, ஃபோலிக் அமில மாத்திரைதான் வேண்டும் என்றாள். கேரியராக இருந்தவர்கள் மலேரியாவில் பிழைத்துக்கொண்டதால்தான் காட்டில் வாழ்ந்த சனங்களிடம் இது தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது என்பதையும் அவள் சொல்லித்தான் கேட்டேன். யாருடைய பாவமும் சாபமும் இல்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

பின்னால் ஒருநாள் இன்னொரு விஷயம் தெரிந்தது. இந்தியாவில் சிக்கிள் ரத்தம் இருப்பதை முதன்முதலில் கண்டு எழுதியதே 1952இல், எங்கள் நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான். லேமன், கட்புஷ் என்று இரண்டு பேர். என் பிள்ளைக்குப் பெயர் வைத்தது 2019இல். நடுவில் 67 வருடம். எங்கள் மலையில் கண்டுபிடித்த நோயை, எங்கள் மலையடிவாரத்து ஆஸ்பத்திரிகள் என் பிள்ளையிடம் தேடவில்லை. எத்தனை பிள்ளைகளைச் சூடு கண்டு செத்தது, காத்து பட்டுச் செத்தது என்று நாங்களே புதைத்திருக்கிறோம். என் மாமியாருக்குச் சின்ன வயதிலேயே இரண்டு பிள்ளைகள் தவறிவிட்டன. அவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வைத்தியம் தொடங்கிய பிறகு வாழ்க்கை மாறியது. ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு மாத்திரை. தினமும் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. வலி வருவதைக் குறைக்கும், நோயை அடியோடு போக்காது. போட ஆரம்பித்த முதல் வருடத்தில் வலி வந்தது இரண்டே தடவை. ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும், அதைத் தவற விடக்கூடாது. மழைக்காலத்தில் பாதை அடைபட்டு ஒருமுறை பன்னிரண்டு நாள் மாத்திரை இல்லாமல் போய், மறுபடி படுத்துவிட்டான். அப்போதிருந்து இரண்டு வாரத்துக்கு மாத்திரை எப்போதும் தகர டப்பாவில் மிச்சம் இருக்கும். நிமோனியா தடுப்பூசியும் போட்டோம். இந்தப் பிள்ளைகளுக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது, அதனால் சாதாரணக் காய்ச்சல்கூட ஒரே ராத்திரியில் முற்றிவிடும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 101 டிகிரி தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் அந்த நவம்பர் ராத்திரி காத்திருந்தேன், பிழைத்தது அவன் அதிர்ஷ்டம். இடது விலா எலும்புக்குக் கீழே, மண்ணீரல் இருக்கிற இடத்தில், விரலை வைத்துத் தடவிப் பார்க்கவும் சிஸ்டர் கற்றுக்கொடுத்தாள். அங்கே திடீரென்று கட்டி மாதிரி தட்டுப்பட்டு, பிள்ளை வெளுத்துப்போனால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலும், ஒரு பக்கம் கை கால் இழுத்தாலும் அப்படித்தான்.

மற்றதெல்லாம் வீட்டில் நாமே பார்க்கக்கூடியது. தண்ணீர் குறைந்தால் வலி வரும், குளிர் பட்டால் வரும், ஓடி ஓடிக் களைத்தால் வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்து, கேட்டபோதெல்லாம் தண்ணீர் குடிக்கவும் ஒண்ணுக்குப் போகவும் விடச் சொன்னேன். ஓடையில் குளிக்க விடுவதில்லை, அதில் அவனுக்கு என்மேல் இன்னும் வருத்தம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இந்த நோயும் இருக்கிறது, அதனால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற பல உதவிகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். எஸ்.டி. சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். எனக்கு நாலு தடவை அலைச்சல், நாலு நாள் கூலி. பிள்ளை நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அப்படியே, படுத்த பிறகு ஓட முடியாது. மருத்துவச் சீட்டுகள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். என் பையின் மேல் 'சிக்கிள் செல் நோய், ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுகிறான்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். ராத்திரி டியூட்டியில் புதுசாக இருக்கிற டாக்டருக்கு அந்த ஒரு வரி போதும், நான் பதறிக்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

வயிற்றில் இருந்த குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லையே. அப்பா அம்மா இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு, நாலில் இரண்டு பங்கு கேரியராக, ஒரு பங்கு ஒன்றுமே இல்லாமல். மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி வராது என்று கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான். கர்ப்பத்தின் ஆரம்பத்தில், மூன்று மாதம் முடிவதற்குள் போனால் சோதித்துப் பார்க்க வழி உண்டு. நான் போனபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. மீதி நான்கு மாதமும் நான் தூங்கிய ராத்திரிகள் குறைவு. பெண் பிறந்தாள். பிறந்ததும் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை ரத்தம் பார்த்தார்கள். கேரியர். அன்றைக்கு நானும் அவரும் ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்து அழுதோம், சந்தோஷத்தில்தான்.

2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் ஒழிப்பது என்று இலக்கு. பழங்குடிகளில் 86 பிறப்புக்கு ஒன்று இந்த நோயோடு பிறக்கிறது என்று அரசே சொல்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் வந்த ஒரு முகாமில் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், பெயர் எழுதினார்கள், போய்விட்டார்கள். பல மாதம் கழித்து டெஸ்ட் முடிவு எழுதிய ஒரு கட்டு அட்டை வந்தது, விளக்கிச் சொல்ல ஆள் வரவில்லை. கேரியர் என்று அட்டை வந்த ஒரு பெண் தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்னொரு வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அட்டையை அடுப்பில் போட்டுவிட்டார்கள். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால், முடிவு எப்போது வரும், யார் வந்து சொல்வார்கள், எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேரியராக இருப்பது நோய் இல்லை, அவர்கள் தாராளமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கேரியரா என்று மட்டும் பேச்சு முடிவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பதிப் பெரியவர்களிடம் இதைப் பேசியபோது முதலில் என்னைத் திட்டினார்கள். சனம் குறைந்த இனத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஏற்கெனவே கஷ்டம், இதில் அட்டை வேறா என்றார்கள். நான் என் பையனைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் உட்கார வைத்தேன். அதற்கப்புறம் நடந்த இரண்டு சம்பந்தத்தில் முதலில் அட்டையைத்தான் பார்த்தார்கள்.

கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை பல வருடமாக இருக்கிறது. ஆதிவாசிப் பெண்களையே நர்சாகப் படிக்க வைத்து நடத்துகிறார்கள். அப்படி எங்கள் பேச்சு தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இருந்தால் என் கம்மல் அடகுக்குப் போயிருக்காது. ஜீப், ஆஸ்பத்திரி, டெஸ்ட், வட்டி, போன கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம் வருகிறது. அப்போது என் நாள்கூலி 300 ரூபாய்.

போன வாரம் கீழே இருக்கிற பதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. "அக்கா, கையும் காலும் வீங்கியிருக்கு, குளிராம்" என்றாள். தொட்டேன், வீறிட்டது. செல்போனை எடுத்து நாலு படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அவளோடு ஜீப்பில் ஏறினேன். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கும் நான் கூடப் போகிறேன்.